எண் போடாத நான்கு டிஸ்குகள்

அலுவலக அலமாரிக்குள் இருந்த சர்வரில் பச்சை விளக்கு எரியவில்லை. கட்டடப் பொறியாளர் அதைக் கவனித்தபோது திங்கள் காலை ஒன்பது மணி. பன்னிரண்டுக்குள் அவள் பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்: பூட்டிக் கிடக்கும் மாடி வகுப்புகளில் பிள்ளைகளை மறுபடி உட்காரவைக்கலாமா, கூடாதா. ஆதாரம் இல்லாமல் இன்னொரு வாரம் பூட்டிவைக்க முடியாது என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

மாடிச் சுவரில் ஒரு விரிசல். விரிசல் இருப்பது பெரிதல்ல. பழைய சுவர் என்றால் நாலு கோடு ஓடத்தான் செய்யும். அது தூங்குகிறதா, நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒற்றைப் படம் பதில் சொல்லாது. அதனால்தான் எதிரே மாட்டிய கேமரா எட்டு மாதமாக மணிக்கொரு படம் எடுத்து சர்வருக்கு அனுப்பியது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று அவளும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

சர்வரைக் கட்டிக்கொடுத்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். திரையில் இருந்ததை அவள் படிக்கப் படிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “செத்தது எழுப்பிவிடுற ஆள்தான் அண்ணி. தூங்குற நாலு பேரும் நல்லாத்தான் இருப்பாங்க.”

பெட்டிக்குள் நான்கு பெரிய டிஸ்குகள், படங்கள் அவற்றில். ஐந்தாவதாகக் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று. பெட்டியை எழுப்பவும் மற்ற நான்கையும் படிக்கவும் தெரிந்தது அதற்குத்தான். அதுதான் போய்விட்டது. மேசை இழுப்பறையில் புதிதாக ஒன்று இருந்தது. அதில் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றும்போது எந்த டிஸ்கில் என்று கேட்கும். கை தவறிப் பெரியதைக் காட்டினால் அதைத் துடைத்துவிடும். ஆகவே நான்கையும் முதலில் உருவிவிடச் சொன்னான்.

உருவி மேசையில் அடுக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. எது எந்த இடத்தில் இருந்தது? எந்தச் சுவருக்குப் போனாலும் விரிசலின் நுனியில் பென்சிலால் எண்ணும் தேதியும் போடாமல் திரும்பாதவள் அவள். இன்று ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

சொன்னதும் கொழுந்தன் சிரித்தான். “ஊர்ச் சுவருக்கெல்லாம் நம்பர் போடுவீங்க, சொந்தப் பெட்டிக்குப் போட மாட்டீங்களாக்கும்.”

“வரிசை மாறினா போச்சா தம்பி?”

“போகாது. நான் எந்தக் கூட்டம், என்கூட யார் யாருன்னு ஒவ்வொண்ணும் தன்மேலயே எழுதி வச்சிருக்கும். எங்க சொருகினாலும் ஒண்ணை ஒண்ணு தேடிக்கும்.”

நம்பினாள், பயம் மட்டும் நம்பவில்லை. சிஸ்டம் ஏறியது. பெட்டியை அணைத்து, நான்கையும் சொருகி மறுபடி எழுப்பினாள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்: புதிதாக உருவாக்கு, இருப்பதைச் சேர். முதலாவதைத் தொட்டால் எட்டு மாதமும் காலி. இரண்டாவதை அழுத்தும் முன் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள்.

இந்த டிஸ்குகளைக் கடைசியாக வேறொரு இயந்திரம் பயன்படுத்தியது, கட்டாயமாகச் சேர்க்கவா என்று திரை கேட்டது. கட்டாயம் என்ற சொல்லைப் படித்ததும் விரலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் பொறுமையாக விளக்கினான். பழைய சிஸ்டம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. டிஸ்குகளுக்குப் புதியது அந்நியம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் எல்லாம் நாசம், அதனால்தான் கேட்கிறது. இங்கே இரண்டாவது ஆள் கிடையாது.

“அழுத்துங்க அண்ணி.”

அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நான்காவது வரக் கொஞ்சம் தாமதித்தது. வந்தது. படங்கள் வரிசையாக விரிந்தன. புதிய சிஸ்டத்துக்குச் சர்வரின் பழைய பெயரையும் முகவரியையும் கொடுத்ததும், சர்வர் கிடைக்காமல் கேமரா தன் கார்டிலேயே சேர்த்து வைத்திருந்த சனி, ஞாயிறு, இன்று காலைப் படங்களும் வந்து சேர்ந்தன. கொழுந்தன் விருந்து வைக்கச் சொல்லிப் போனை வைத்தான். மணி பதினொன்றரை.

சுவரில் ஒட்டிய அளவுகோல் ஒவ்வொரு படத்திலும் தெளிவாகத் தெரிந்தது. எட்டு மாதத்துக்கு முன் இரண்டு மில்லிமீட்டர். வெள்ளிக்கிழமை இரண்டேகால். சனி இரவு இரண்டரை. ஞாயிறு இரவு மூன்று. இன்று பதினொரு மணிக்கு நான்கு.

மறுபடி அளந்தாள். நான்கேதான்.

தலைமையாசிரியை போனை எடுத்ததும், மாடியைத் திறக்கலாமா என்றுதான் கேட்டார்.

“மாடி மட்டுமில்ல டீச்சர், அந்தக் கட்டடத்துக் கீழ் வகுப்புலயும் யாரும் இருக்கக் கூடாது. இப்பவே வெளிய கூட்டிட்டு வாங்க.”

“நிச்சயமா தெரியுமா?”

“அளந்துட்டேன்.”

போன் வழியாக நீண்ட மணி கேட்டது. பிறகு காலடிகள், பிறகு மைதானத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணும் குரல். பன்னிரண்டு மணிப் படம் திரையில் வந்து விழுந்தது. எண்ணி முடியும்வரை அவள் அதைத் திறக்கவில்லை.