கால் பங்கு வழியே போன தண்ணீர்

வாளியில் தண்ணீர் நூலளவுதான் இறங்கியிருந்தது. அதே வாளியைச் சுற்றி நின்ற குட்டைத் தண்ணீரோ ஒரே நாளில் நாலு விரல் இறங்கிவிட்டது. சலவைக்கடைக்காரி இடுப்பில் கைவைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள அந்தத் தாழ்ந்த நிலம் அவளுக்கும் அவள் அண்ணன் தச்சருக்கும் பொது. ஒரு காலத்தில் சதுப்பு நிலம். அதை வயலாக்குவதற்காக அவர்களுடைய அப்பா மண்ணுக்கடியில் சுட்ட மண்குழாய்களை மூன்று வரிசையாகப் பதித்து, தண்ணீரைச் சாலையோர வாய்க்காலுக்கு வடித்துவிட்டார். நிலம் காய்ந்தது. நிலத்தோடு கிணறும் காய்ந்தது. கோடை வந்தால் கிணற்று வாளி தரையைத் தட்டும். அவள் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு கோடையில்தான் ஈரநிலங்களை மீட்கும் அரசுத் திட்டம் வந்தது. செலவில் முக்கால் பங்கு அரசாங்கத்தினுடையது. கால் பங்கு நிலத்துக்காரருடையது. அந்தக் கால் பங்கை உழைப்பாகவும் தரலாம். அரசாங்கம் கரை போட்டு நாணல் நட்டது. பழைய குழாய்களைத் தோண்டி எடுத்து அடைக்கிற வேலை தச்சருடையது. மழை வந்து குட்டை நிறைந்தபோது, இனி கிணறு ஊறும் என்று அவள் நம்பினாள். குட்டை தங்கினால்தானே கிணறு ஊறும்?

"வெயில் குடிச்சிருக்கும்," என்றார் தச்சர்.

"வெயில் குடிச்சா வாளியிலயும் குடிக்கணும்ல? அதுக்குத்தான் குட்டைக்குள்ளேயே வாளிய வச்சேன். வெயிலுக்குக் குட்டைன்னும் வாளின்னும் பாரபட்சமா?"

துணி உலர்த்திப் பிழைப்பவளுக்கு வெயிலின் கொள்ளளவு தெரியும்.

"அப்ப கரை சரியில்ல. அரசாங்க வேலை வேற எப்படி இருக்கும்? விடு. அதிகாரி ஆய்வுக்கு வர்றதுக்கு முந்தின நாள் மோட்டார் போட்டு நிரப்பிடலாம். படம் எடுத்துட்டுப் போயிடுவாரு."

"படத்துல இருக்கிற தண்ணியிலயா நான் துணி துவைக்கிறது? உங்க பட்டறையிலேருந்து ஒரு கூடை மரத்தூள் குடுங்கண்ணா."

"எதுக்கு, குட்டைக்குப் பத்துப் போடப்போறியா?"

மறுநாள் காலை காற்றே இல்லை. தச்சர் கொண்டுவந்த மரத்தூளை அவள் நீர்மேல் தூவினாள். வெகுநேரம் அது சும்மா மிதந்தது. பிறகு, யாரோ கூப்பிட்டது போல ஒரு மூலையை நோக்கி மெல்ல நகர்ந்தது. கரையோரம் வந்ததும் சிறு சுழியாகச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் மறைந்தது.

அவள் கரையைத் தாண்டி வாய்க்காலுக்கு ஓடினாள். தச்சர் பின்னாலேயே வந்தார். புல்லை விலக்கினால் ஒரு குழாய்வாய். அதிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதில் மரத்தூளும் வந்தது. தச்சர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். நேற்று அவரே அறுத்த மரம்.

"ரெண்டு வரிசையத் தோண்டிட்டேன்," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "மூணாவதுல ஒரே வேர்ப்பின்னல். இடுப்பு ஒத்துழைக்கல. மேல புதுமண்ணப் போட்டு மூடிட்டேன். மூணுக்கு ரெண்டு போதாதான்னு நெனச்சேன்."

"முக்காலி கேட்டவனுக்கு ரெண்டு கால் போதும்னு குடுப்பீங்களா?"

தச்சர் அதிகாரியை அழைக்கக் கைப்பேசியை எடுத்தார்.

"ஐயா, ஆய்வக் கொஞ்சம் தள்ளி வைங்க. கரையில குத்தம் இல்ல. என் பங்கு வேலைதான் பாக்கி."

"கரை சரியில்லன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க," என்றார் அதிகாரி. "முடிச்சிட்டுச் சொல்லுங்க."

இருவரும் வேர்களை வெட்டி, கரையடியில் ஓடிய குழாயைத் தோண்டி எடுத்தார்கள். வெறும் மண்ணைப் போட்டு மூடினால் தண்ணீர் இடுக்கு தேடி மறுபடி வழி கண்டுபிடிக்கும். அதனால் ஈரக் களிமண்ணைச் சாண் கனத்துக்குப் பரப்பி, இறுகும்வரை மிதித்து, அதன்மேல் அடுத்த சாண். கம்பளி துவைக்கிற கால்களுக்கு அது பழகிய வேலைதான். தச்சர்தான் மூச்சு வாங்கினார்.

அடுத்த மழைக்குப் பிறகு வாளியை மறுபடி வைத்தாள். வாளியும் குட்டையும் ஒரே அளவு, நூலளவு, இறங்கின. கோடை வந்தபோது கிணற்று வாளி தரையைத் தட்டவில்லை.

இதே திட்டத்தில் சேர்ந்திருந்த பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றார். "உங்க குட்டை மட்டும் எப்படி நிக்குது? என்ன மாயம்?"

"மாயம் ஒண்ணுமில்ல," என்றார் தச்சர். "எல்லாக் குழாயையும் தோண்டி எடுங்க, களிமண்ண மிதிச்சு அடைங்க. அரசாங்கம் முக்கால் பங்கு செஞ்சாலும், நம்ம கால் பங்குல ஓட்டை இருந்தா முழுத் தண்ணியும் அது வழியாத்தான் போகும்."