மூன்று ஷிஃப்டும் கூடிய நாள்

கம்பெனி மூடினால்தான் மாத்தூர் ஜெபக் குழு முழுதாகக் கூட முடியும். குழுவில் எல்லோரும் ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஷிஃப்ட் வாரா வாரம் மாறினாலும் ஒரு ஷிஃப்டின் ஆட்கள் மொத்தமாகவே மாறுவார்கள். ஒரு கூட்டம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னொன்று ஏறும். அதனால் ஜெபமும் வாரத்தில் மூன்று முறை, மூன்று கூட்டமாக நடந்தது.

ஆயுத பூஜை விடுமுறை அவர்களை ஒன்றாக உட்கார வைத்திருந்தது. கீழே வீட்டுக்காரி செங்கமலம் தன் ஸ்கூட்டிக்குச் சந்தனம் தடவி, பூசணிக்காய் உடைக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். மேலே மொட்டை மாடியில், தகரக் கூரை நிழலில் ஜமக்காளம் விரித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எப்சிபா பாடவில்லை. கூட்டம் முடிந்ததும் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாசத்தோட நீ வேற ரூம் பாத்துக்க, பிள்ள."

அது பக்கத்தில் கை தட்டிப் பாடிக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்கு. இருவரும் இதே வீட்டின் மாடி அறை ஒன்றில் இரண்டு வருடமாகச் சேர்ந்து இருப்பவர்கள்; ஷிஃப்ட் மட்டும் வேறு வேறு. இசக்கிசெல்வி டைபாய்டில் கிடந்தபோது எப்சிபாதான் கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தாள். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் இசக்கிசெல்வி தானாகவே ஜெபத்துக்கு வந்தாள்; இந்த வருடம் ஞானஸ்நானமும் எடுத்தாள். அதிலிருந்து நாங்குநேரியில் அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. இந்த அறையை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது. அது எப்சிபாவுக்கும் தெரியும்.

ஆனால் பிரதர் எசேக்கியா சொல்லியிருந்தார்.

அவர் சில மாதமாகச் சென்னையிலிருந்து வெள்ளைக் காரில் வந்து மூன்று கூட்டத்திலும் பேசுபவர். அதுவரை குழுவை நடத்தி வந்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அருள்பாண்டி. சுவிசேஷத்தை அதிகாரம் அதிகாரமாக, நிதானமாக வாசித்து விளக்குவார். கேட்பவர்களில் பாதிப்பேர் ஷிஃப்ட் களைப்பில் தூங்கிவிடுவார்கள். எசேக்கியா பேசினால் யாரும் தூங்குவதில்லை. பரலோக ராஜாவின் பிள்ளைகள் ஏன் கான்ட்ராக்டில் இருக்க வேண்டும் என்று கேட்பார். ஒவ்வொரு தடவை கான்ட்ராக்ட் முடியும்போதும் நீட்டிப்பார்களா என்று பயந்தே பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி தேனாக இருந்தது. பேசி முடித்ததும் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துக் காதோடு ஒரு வார்த்தை சொல்வார்.

எப்சிபாவின் காதில் சொன்னது இது: "குவாலிட்டியில ஒரு பெர்மனென்ட் இடம் வருது மகளே. அது உனக்குத்தான். ஆனா உன் கூரைக்குக் கீழ ஒருத்தர் தடையா இருக்காங்க. யார்ட்டயும் சொல்லாத. மரியாள் மாதிரி மனசுலயே வெச்சுக்கோ."

அறையில் இருப்பது இரண்டே பேர். அன்றிலிருந்து எப்சிபா ஃபிளாஸ்கில் இசக்கிசெல்விக்குக் காப்பி மீதி வைப்பதை நிறுத்தினாள். தன் லைனில் வேலை செய்யும் தங்கமாரியிடம், ஒன்றாம் தேதி அறைக்கு வந்துவிடும்படி சொல்லியும் வைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது. பிரதர் முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். "பிரதர் செய்தி குடுக்க முன்னால, ஆண்டவர் செஞ்சத ரெண்டு பேர் சாட்சியாச் சொல்லுங்க," என்றார் அருள்பாண்டி.

இசக்கிசெல்வி எழுந்தாள்.

"இதச் சொல்லக் கூடாதுன்னு பிரதர் சொன்னாவ. எல்லாரையும் ஒண்ணாப் பாத்ததும் எனக்கு அடக்க முடியல. குவாலிட்டியில ஒரு பெர்மனென்ட் இடம் வருதாம். அது எனக்குத்தானாம். இன்னும் வரல, ஆனா இப்பவே ஸ்தோத்திரம் சொல்லுதேன்."

எப்சிபாவுக்குக் காது சூடாகியது. தடை இவள்தான் என்பதில் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போயிற்று. நைட் ஷிஃப்டைச் சேர்ந்த ஜெபஸ்டின் சட்டென்று பின்னாலிருந்து தலை நீட்டினான்.

"எக்கா, அது எனக்குல்லா சொன்னாவ?"

செகண்ட் ஷிஃப்ட் பெண் ஒருத்தி, "ஏல, ஒனக்கா? குவாலிட்டியிலயா? நீ செவப்பு வயரையும் மஞ்ச வயரையும் மாத்தி மாட்டுறவன்லா," என்றாள். "எனக்குச் சொன்னதும் அதே இடந்தான்."

மாடி முழுக்கச் சிரித்தது. அருள்பாண்டியும் சிரித்துவிட்டுக் கேட்டார்: "அந்த இடம் ஒங்களுக்குன்னு யாருக்கெல்லாம் சொல்லியிருக்காவ? கையத் தூக்குங்க."

கூட்டத்தில் பாதிக்கு மேல் கை தூக்கியது.

பிரதர் எழுந்தார். "தேவனுடைய ஆசீர்வாதத்துக்கு அளவு ஏது? ஒருத்தருக்கு மட்டுந்தான்னு நாம ஏன் சுருக்கணும்?"

"கம்பெனி சுருக்கிட்டானே, பிரதர்," என்றார் அருள்பாண்டி. "நோட்டீஸ் போர்டுல ஒரு இடம்னுதான் போட்டிருக்கான்."

எப்சிபாவுக்குச் சிரிக்க வரவில்லை. இசக்கிசெல்வியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஏட்டி, கூரைக்குக் கீழ தடைன்னு ஒனக்கும் சொன்னாவளா?"

"ஆமா. ஒனக்குமா?"

"நீ யாருன்னு நெனச்ச?"

"கீழ ஓனரக்காவத்தான். அவ்வோதான தண்ணிய நிறுத்துதாவ. இந்தக் கூரையில வேற யாரு இருக்கா?"

சத்தம் கேட்டு செங்கமலம் அப்போதுதான் படியேறி வந்திருந்தாள். "இன்னாது, நான் தடையா? டேங்கு ரொம்பி ரோட்ல ஓடுற வரிக்கும் மோட்டாரு போட்டுக்கினு கீறீங்க. ஆஃப் பண்றவ தடையாம்மா?"

மறுபடி சிரிப்பு. ஆனால் அருள்பாண்டி சிரிக்கவில்லை. "கூரைக்குக் கீழ தடைன்னு எத்தன பேருக்கு?" என்றார். இந்த முறை கைகள் மெதுவாக எழுந்தன. கை தூக்கியவர்கள் தங்கள் அறைத் தோழர்களைப் பார்த்தார்கள். அவர்கள் கையும் மேலேதான் இருந்தது. கொஞ்ச நாளாகச் சமையலைத் தனித்தனியாக்கிக்கொண்ட அறைகள் இரண்டு மூன்று அங்கே இருந்தன. ஏன் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

"இதுவும் அளவில்லாத ஆசீர்வாதமா, பிரதர்?"

தேவ மனிதனை நியாயந்தீர்க்கும் இடத்தில் ஆவியானவர் இருக்க மாட்டார் என்று சொல்லி எசேக்கியா தன் துண்டை எடுத்துக்கொண்டார். அவரோடு நான்கைந்து பேர் இறங்கிப் போனார்கள். கார் கிளம்பும் சத்தம் மேலே கேட்டது.

"அவர இங்க கூட்டிட்டு வந்தது நான்தான்," என்றார் அருள்பாண்டி. "எனக்கு ஆயிரம் பேரு உக்கார்ற சபை வரும்னு சொன்னாவ. கேக்கதுக்கு நல்லாத்தான் இருந்திச்சு. இனிமே இங்க காதுல வார்த்த கெடையாது. என்ன சொன்னாலும் எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும். வேதத்துல இருக்கான்னு பாத்துக்கிடுவோம். தூக்கம் வந்தாலும் சரி, நம்ம பழையபடியே வாசிப்போம். இப்ப சாப்பாடு ஆறுது."

சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க எப்சிபாவை அழைத்தார்கள். "ஆண்டவரே, இன்னைக்கு லீவு விட்டதுக்கு ஸ்தோத்திரம்," என்று மட்டும் சொல்லி முடித்தாள். எல்லோரும் ஆமென் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

தட்டைத் தொடாமல் எப்சிபா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் போன் செய்தாள். "தங்கமாரி, ரூம் காலியில்ல பிள்ள. இல்ல, ஒண்ணாந் தேதியும் கெடையாது. ஒனக்கு வேற எடம் நானே கூட வந்து பாக்கேன்."

திரும்பினால் இசக்கிசெல்வி இரண்டு தட்டோடு நின்றாள். "எந்த ரூமு?"

எப்சிபா மறைக்கவில்லை. மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

இசக்கிசெல்வி தட்டுகளைத் தொட்டி மேல் வைத்தாள். கண் நிறைந்தது. பிறகு ஆரம்பித்தாள்.

"அப்ப அந்தக் காப்பி? பால் தீந்துட்டுன்னு நெனச்சு, வேல விட்டு வரயில நான் பாக்கெட் பாலு வாங்கிட்டு வந்தேம்லா! வெக்கமா இல்லையாட்டி ஒனக்கு? சொந்த அப்பன விட்டுட்டு ஒன்ன நம்பி இருக்கேன், என்னத் தெருவுல விடப் பாத்தியே? அவரு சொன்னா, ஒனக்கு மூள எங்க போச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமா?"

மாடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம்கூடப் படியில் நின்றுவிட்டாள். எப்சிபா தலை குனிந்து நின்றாள். நாளைக் காலையும் இதே குரல் அறையில் இருக்கும். ஒவ்வொரு திட்டுக்கும் அவள் வாய்க்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

"என்ன முணுமுணுக்க?"

"ஒண்ணுமில்ல. நீ திட்டு."