பேச்சு கேட்கிற மோட்டார்

ஏரியின் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர், "அங்க பாரு, என்ன அழகான பறவை" என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். காக்கையையும் கோழியையும் தவிர இன்னொரு பறவை உலகத்தில் இருப்பதாக இவர் ஒப்புக்கொண்டதே கிடையாது. பஸ் ஓட்டிய காலத்தில் கண்ணாடியில் எச்சம் போடுகிற ஜாதி, போடாத ஜாதி என்று இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு மூன்று தடவை பறவை பார்த்தார். மூன்றாவது தடவை வானத்தில் ஒன்றுமே இல்லை.

மறுகரையில் இறங்கி, மரத்தடியில் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றும்போது சொன்னார். "ஒரு மோட்டார் வாங்கி மாட்டிடலாம்னு பாக்கறேன். பழசா, சின்னதா. இப்ப எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க." எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். எல்லாரும்தான் என்றார்.

எனக்கு மோட்டார் பிடிக்கவில்லை. காரணத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் இவர் கல்லுளிமங்கன். டிவி ஓடும், ஃபோன் ஓடும், நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு 'ம்' வரும். அதே மனிதர் படகில் ஏறிவிட்டால் வேறு ஆள். துடுப்புப் போடுகிறவர் நடுப்பலகையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். நான் பின்பலகையில் முன்பக்கம் பார்த்து உட்காருவேன். முழங்காலுக்கு முழங்கால் இடிக்கும். இவருக்குப் பார்க்க என் முகத்தை விட்டால் வேறு வழியில்லை. அப்படியே பேச்சு வந்துவிடும். மகள் காதலிக்கிறவனை ஏற்றுக்கொள்வதா, தம்பியோடு சண்டையை முடிப்பதா, குழந்தைகள் காப்பகத்தில் நான் இன்னும் கொஞ்ச காலம் வேலை பார்ப்பதா, எங்கள் வீட்டு முடிவெல்லாம் தண்ணீரில் எடுத்ததுதான். மோட்டார் வந்தால் இவர் பின்னால் போய் அதைப் பிடித்துக்கொள்வார். என்னை முன்னால் தள்ளி முதுகைக் காட்டி உட்கார வைப்பார். போதாக்குறைக்கு 'டர்ர்' என்று அது ஒரு பாட்டம் கத்தும். வீட்டு டிவியைக் கயிறு கட்டிப் படகுக்கு இழுத்து வந்த கதைதான்.

ஆனாலும் சனிக்கிழமை மதியம் கூடவே கிளம்பினேன். பழைய மோட்டார் விற்கிறவர் ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். வாசலில் மேல்பக்கம் அறுத்த நீல பிளாஸ்டிக் பீப்பாய் நிறையத் தண்ணீர். எந்த மோட்டாரானாலும் அதன் விளிம்பில் மாட்டித்தான் ஓட்டிக் காட்டுவார். அதனால் அவருக்குப் பீப்பாய்க்காரர் என்றே பெயர். வாய் சும்மா இருக்காத மனிதர். சுவரை ஒட்டி, கழுத்தில் கிளிப் போட்ட மாதிரி கட்டையில் வரிசையாக மோட்டார்கள் தொங்கின. அவர் நேராக இருப்பதிலேயே பெரியதைத் தட்டினார்.

"அண்ணே, இத மாட்டுனா படகு தண்ணியில போகாது. பறக்கும்."

இவர் கண்ணில் பல்பு எரிந்தது. "பறக்கறதுக்கு எதுக்குங்க படகு?" என்றேன். பீப்பாய்க்காரர் என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பேட்டரியில் ஓடுவது ஒன்று இருந்தது. சத்தமே வராது, அதை வாங்குங்கள் என்று மகளும் ஃபோனில் சொல்லியிருந்தாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பேட்டரியை நகர்த்திப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை தோற்றது. வீட்டிலிருந்து கரை வரைக்கும் யார் சுமப்பது? இவரைத் திரும்பிப் பார்த்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் தொங்கிய பழைய காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு வேளையாக இருந்தால் நான் கேட்பதற்கு முன்பே தூக்கிக் காட்டி, மூச்சு வாங்கி, ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்.

அடுத்து மூலையிலிருந்து ஒரு குட்டி மோட்டாரை எடுத்தார் பீப்பாய்க்காரர். வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. விசிறியின் ஓர் இதழில் சின்னக் கீறல். "இது வயசானவங்க ஓட்டுறது அண்ணே. வேகம் வராது. துடுப்புப் போடுறதவிட ஒரு அடி முன்னால போவும், அவ்வளவுதான். ஆனா எஞ்சின் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே அதைச் சாய்த்துப் பிடித்தார். அடியில் ஒரு திருகைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டுக் காட்டினார். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தமாம். இது வெளுக்கவில்லை. திருகை மூடிப் பீப்பாயில் மாட்டினார். "கயித்த இழுங்கண்ணே, ஒரே இழுப்புல புடிச்சுக்கும்."

இவர் சட்டைக் கையை மடித்தார். காலை அகட்டி நின்றார். இழுத்தார். கயிறு பாதி வந்தது, கை அங்கேயே நின்றுவிட்டது. முகம் கோணி, உதட்டைக் கடித்து, கயிற்றை மெல்ல உள்ளே விட்டார். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"கயிறு இறுகிப் போயிருக்கு" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பீப்பாய்க்காரர் இரண்டு விரலால் கயிற்றை இழுத்தார். மோட்டார் ஓடியது. நிறுத்தினார். பீப்பாய்த் தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இவர் மோட்டாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பஸ்ஸை ஒதுக்கி நிறுத்திவிட்டு என்ன பழுது என்று தெரியாமல் நிற்கிறவர் மாதிரி நின்றார். பறவை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது.

"தள்ளுங்க, நான் இழுத்துப் பாக்கறேன்."

"அம்மா, உங்களுக்கு..." என்று பீப்பாய்க்காரர் இழுத்தார்.

"நீங்க பேச்சை இழுக்காதீங்க. நான் கயித்த இழுக்கறேன்."

முதல் இழுப்பில் அது இருமியது. இரண்டாவதில் தும்மியது. அடம் பிடிக்கிற குழந்தையை எவ்வளவு பார்த்தாகிவிட்டது! கோபித்தால் காரியம் கெடும், விட்டுப் பிடிக்க வேண்டும். கயிறு தானாக முட்டுகிற இடம் வரைக்கும் மெதுவாக இழுத்து, அங்கிருந்து ஒரே வீச்சு. பிடித்துக்கொண்டது. பக்கத்துச் சின்ன ஓட்டையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. "தண்ணி வந்தா நல்லது, உள்ள சூடு ஏறாது" என்று பீப்பாய்க்காரர் உரக்கச் சொன்னார். "குழந்தைக்கும் அதேதான்" என்று நானும் உரக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று கைகாட்டிவிட்டு, வாசலில் வந்து நின்ற வேறொருவரிடம் போனார்.

இவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் குந்தினேன். வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் தூங்குகிறவன் குறட்டை மாதிரி ஒரே சீராக முனகியது.

"எப்பலேர்ந்து வலிக்குது?"

"மழைக்கு முன்னாடியே. தோள்பட்டையில. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

"ஏங்க சொல்லல?"

பீப்பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா, படகை வித்துடலாம்னு சொல்லுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை எல்லாம் என்ன பண்றது? வீட்டுல உன்கிட்ட என்ன பேசறதுன்னே எனக்குத் தெரியமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று வழிமறித்ததில் விக்கல்தான் வெளியே வந்தது. நான் எதற்கு மோட்டார் வேண்டாம் என்று நினைத்தேன் என்பதைச் சொன்னேன். முதுகைக் காட்டி உட்காருவது, சத்தம், எல்லாம். இவர் முழுதாகக் கேட்டார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்திருக்கிறது. ஐந்தடி தள்ளி நின்ற பீப்பாய்க்காரருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"நீயே ஓட்டேன்" என்றார் இவர் திடீரென்று. "நீ எப்பவும் பின்னாலதான உக்கார்ற? அங்கயே உக்காரு. நான் என் இடத்துல உக்கார்றேன். கைப்பிடி மட்டும் உன் கையில."

"நான் சைக்கிள்கூட ஓட்டினதில்லைங்க."

"பஸ் நிறைய ஆள் ஏத்தி ஓட்டினவன் சொல்லித் தரமாட்டேனா?"

பீப்பாய்க்காரர் திரும்பி வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். இதுதான் என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். "பெருசு ஒண்ணு பாத்தீங்களே..." என்று ஆரம்பித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எந்தப் பக்கமாகப் படுக்கவைத்தால் எண்ணெய் ஒழுகாது என்று கேட்டுக்கொண்டு, மோட்டாரைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். நாலு வயதுப் பிள்ளையின் கனம்தான்.

மறுநாள் காலை தண்ணீரில் இறங்கினோம். கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகிறது. இதை இவர் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. மூங்கில் கட்டியிருந்த மீன்பிடி வலையை நோக்கிப் போனோம். "ஒடி, ஒடி, லெஃப்ட்ல ஒடி! ஐயோ, அது உன் லெஃப்ட்! பிரேக்!" என்று இவர் கத்தினார். இல்லாத பிரேக்கை இவர் கால் பலகையில் மிதித்துக்கொண்டே இருந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் பாதுகாப்புக்காகக் கரையிலேயே எழுந்து நின்றுவிட்டார். வலைக்கு ஒரு முழம் முன்னால் திருப்பினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நடு ஏரிக்கு வந்ததும் கை பழகிவிட்டது. இவர் என் தோளுக்கு மேலே, பின்னால் தண்ணீரில் விழுந்த தடத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாம்பு குடித்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறதாம். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். காற்று குறுக்கே வந்து அள்ளிக்கொண்டு போனது.

நான் கைப்பிடியை முறுக்கி வேகத்தைக் குறைத்தேன். படகு மூக்கைத் தாழ்த்தி அடங்கியது. இவ்வளவு நேரம் எங்களுக்குப் பின்னால் துரத்தி வந்த எங்கள் அலைகளே வந்து சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடியில் புகுந்து, எங்கள் இரண்டு பேரையும் மெல்லத் தூக்கித் தூக்கி இறக்கின. இவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். முழங்கால் இடித்தது.