நாடா வெட்டாத லிஃப்ற்

கோர்னெலைச் சச்சிதானந்தனுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அந்த மனிதர் தன் பெருமையைச் சொல்லக் கூச்சமே படாததுதான். ருமேனியாவில் டான்யூப் ஆற்றோரச் சிறு நகரம் ஒன்றுக்கு மூன்று தடவை மேயராக இருந்தவர். பிறகு தலைநகருக்குப் போய்ப் பாராளுமன்ற உறுப்பினர். கட்சி மாறி மாறி, கடைசியில் எந்தக் கட்சியும் வாசலில் ஏற்றாத நிலையில் மகள் ஸ்பொன்சர் செய்து ரொறன்ரோவுக்கு எடுத்துவிட்டாள். வோபர்னில் சச்சிதானந்தன் குடியிருக்கும் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. பதவியில்லாமல் ஒரு கோடையைத்தான் அவரால் தாண்ட முடிந்தது. அடுத்த கோடையில் வாடகைக்காரர் சங்கத் தலைவர். கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் மேயர்.

கீழே லொபி சோபாவில் இருவரும் தங்கள் தங்கள் உடைந்த ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது, சந்தைக்குக் கூரை போட்டது எல்லாம் மேயர் சொல்வார். பாராளுமன்றத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கை தூக்கினேன் என்பார். அவருக்கு மிகவும் பிடித்த கதை பள்ளிக்கூடக் கதை. வகுப்பறைகளுக்கு ஹீற்றர் பூட்டும் வேலை இலை உதிரத் தொடங்கும்போதே முடிந்துவிட்டது. அமைச்சருக்கு வர வசதிப்பட்டது தை மாதத்தில். அதுவரை பிள்ளைகள் கோட்டும் தொப்பியுமாக இருந்து படித்தார்கள். நாடா வெட்டாத வேலை சனத்தின் கண்ணில் வேலையே இல்லை என்பார். அந்தத் திறப்பு விழாப் படத்தை வைத்துத்தான் பாராளுமன்றத் தேர்தலை வென்றாராம்.

சச்சிதானந்தன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் ஊரிலும் கட்டி முடித்த பாலம் ஒன்று மந்திரிக்காகக் காத்துக்கிடந்ததையும், சனம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தண்ணீருக்குள்ளால் நடந்ததையும் பதிலுக்குச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்போலச் சிரித்தார்கள்.

கட்டடத்தின் இரண்டு லிஃப்ற்றில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. மற்றது இந்தக் குளிருக்கு முன்னர் நின்றது. ஏழாம் மாடியில் இருக்கும் சச்சிதானந்தனின் மனைவி கமலாம்பிகைக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். மகன் ஜனார்த்தன் பிறம்ரன் வெயர்ஹவுஸில் இரவு வேலை முடித்து, நித்திரைக் கண்ணோடு கார் ஓடிவந்து தாயைப் பிடித்து இறக்குவான். மாடிக்கு மாடி மடக்குக் கதிரையை விரித்து அவரை இருத்துவார்கள். திரும்பி ஏறுவதை நினைத்தே அவர் இயந்திரத்தில் படுத்துக்கிடப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, மேயர் ஓடி ஓடி வேலை செய்தார். கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கினார், நிர்வாகக் கொம்பனிக்காரரை நித்திரை கொள்ள விடவில்லை. வேறு யாராலும் முடியாதது அவரால் முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கேக் பெட்டியோடு ஏழாம் மாடி வீட்டு வாசலில் நின்றார். முழங்கால் வருத்தக்காரர், ஆனால் மூச்சு வாங்கவில்லை. சச்சிதானந்தன் அதைக் கவனித்தார். மத்தியானமே லிஃப்ற் சரியாகிவிட்டது என்றார் மேயர். சனிக்கிழமை இந்தத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் வருகிறார், ரீவிக்காரர் வருகிறார்கள், அதுவரை பூட்டு. நாடாவைக் கமலாம்பிகைதான் வெட்டவேண்டும், முதல் பயணமும் அவருடையதுதான்.

நாளைக்குப் புதன்கிழமை, டயாலிசிஸ் நாள் என்று சச்சிதானந்தன் சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரை வந்தது. அதற்குள் மனைவி, எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டுவிட்டார். முன்வரிசையில் தானும் இருப்பது சச்சிதானந்தனின் கண்ணுக்குள்ளும் வந்து போனது. அந்த ஆசைக்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தலையாட்டினார்.

புதன்கிழமை ஜனார்த்தனுக்கு வேலையால் வர முடியவில்லை.

"சனியோட லிஃப்ற் வந்திடும்தானே," என்றார் கமலாம்பிகை. "ஒருநாள் விட்டா ஒண்டும் ஆகாது. எனக்கு உந்தப் படி இனி ஏலாது."

வெள்ளி விடியற்காலை அவருக்கு மூச்சுத் திணறியது. அம்புலன்ஸ்காரர் வந்தபோது லிஃப்ற் வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பூட்டின் திறப்பு மனேஜரிடம், மனேஜர் தூரத்தில், மிசிசாகாவில். தங்கள் அம்புலன்ஸ் கதிரையில் வைத்து வார் போட்டுப் படியால் இறக்கினார்கள். பின்னால் இறங்கிய சச்சிதானந்தன், பாதி வழியில் மனைவியின் கை கதிரைப் பிடியிலிருந்து நழுவுவதைக் கண்டார். ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னது அவருக்குப் புதுச் செய்தியல்ல.

அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. யாரோ தேத்தண்ணி தந்தார்கள், குடித்தார். சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திராது. பின்னேரம் மேயர் வந்து உண்மையாகவே அழுதார். விழாவைத் தள்ளிவைக்கவா என்று கேட்டவர், உறுப்பினருக்கு வேறு திகதி கிடைக்காதாம் என்பதையும் தானே சொன்னார்.

சனிக்கிழமை காலை, செத்தவீட்டு ஒழுங்குக்குப் போகக் காரோடு வாசலில் நிற்பதாக மகன் போன் எடுத்தான். சச்சிதானந்தன் படியால் இறங்கினார். மடக்குக் கதிரை நாலாம் மாடியில் விரித்தபடியே நின்றது.

லொபியில் பலூன், சனம், கமரா. அவரைக் கண்டதும் மேயர் ஓடிவந்து கட்டிப்பிடித்து, இந்த லிஃப்ற் இனிக் கமலாம்பிகையின் பெயரில் என்று அறிவித்தார். ஒரு கையில் கத்தரிக்கோலையும் மற்றக் கையில் மைக்கையும் திணித்தார். செத்தவீட்டுத் துடக்குக்காரனை நல்ல காரியத்துக்கு விடலாமா என்று ஐந்தாம் மாடி நாகேஸ்வரி முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது.

அவர் தமிழில் பேசினார்.

"லிஃப்ற் செவ்வாய்க்கிழமையே சரியாயிட்டுது. மேயர் அதிலதான் ஏறிவந்து சொன்னவர். சனிக்கிழமை மட்டும் பாத்திருங்கோ எண்டவர். நான் ஓமெண்டு தலையாட்டினனான்."

தமிழ்ச் சனம் மேயரைத் திரும்பிப் பார்த்தது. நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சொல்லும் விளங்காத மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கைதட்டினார். உறுப்பினர் தட்டினார், பிறகு மற்றவர்களும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தது. கத்தரிக்கோல் இன்னும் அவர் கையில் இருந்தது. கமரா பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நாடாவை வெட்டினார்.