நீலக் கம்பளிப் பெட்டி

எங்கள் ஸ்வென்போர்க் நாணயச் சங்கத்தில் ஓட்டுச்சீட்டு கிடையாது. நவம்பர் கண்காட்சியில் ஒவ்வொரு நாணயத்துக்கும் முன்னால் ஒரு காபித் தட்டு இருக்கும். பிடித்த நாணயத்தின் தட்டில் ஆளுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி போட வேண்டும். சொந்த நாணயத்துக்குப் போடக்கூடாது. ஒன்பது வருடம் என் தட்டுதான் நிறைந்தது. பத்தாம் வருடம் டாக்னி வந்து சேர்ந்தாள்.

என்னுடையது 1892ஆம் வருடத்து வெள்ளி இரண்டு குரோன் நாணயம். நேற்றுதான் அச்சிலிருந்து விழுந்தது மாதிரி இருக்கும். முகத்தில் விரல் படாமல் விளிம்பை மட்டும் பிடிப்பேன். கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் மூடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போட்டு, இரும்பு அலமாரியில் வைப்பேன். பார்க்கும்போதுகூட வாய்க்கு நேரே பிடிக்க மாட்டேன். எச்சில் தெறித்தால் புள்ளி விழுந்துவிடும்.

"என்னையும் அந்தக் கூட்டுக்குள்ள வெச்சிருந்தா நானும் பளபளன்னு இருந்திருப்பேன், கெர்டா" என்பார் என் வீட்டுக்காரர் ஹோல்கர்.

டாக்னிக்கு அதே நாணயம் அவள் அத்தை வீட்டு இழுப்பறையில் கிடைத்தது. தேடவில்லை, அலையவில்லை, ஏலத்தில் கை தூக்கவில்லை. சும்மா கிடைத்தது. வந்த வருடமே அவள் தட்டில் பதினோரு கட்டி, என் தட்டில் எட்டு. போதாததற்குப் பழுப்புச் சர்க்கரை கேக் வேறு சுட்டு எடுத்து வந்திருந்தாள். அதையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? எரிந்தது.

அன்றைக்கு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கெர்டா, இதுல நீதான் பெரிய ஆளு. நான் இதை மெத்துன்னு ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சிருக்கேன். சரிதானே?"

"ஐயையோ, அது நாளாக நாளாகப் பச்சையா பிசுபிசுன்னு கக்கும். முதல்ல வெளிய எடு."

அது உண்மை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என்கிட்ட ஒரு பெட்டி இருக்கு, தர்றேன்" என்றேன்.

நல்ல மரப் பெட்டி. உள்ளே நீலக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளிக்கு ஆகாது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. காற்றுப் படக்கூடாது என்று மூன்று வருடம் திறக்காமல் அதில் வைத்திருந்த என் முதல் இரண்டு குரோன், திறந்தபோது கரிக்கட்டையாகக் கிடந்தது. அவமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஹோல்கரிடம் விற்றுவிட்டதாகச் சொன்னேன்.

"இவ்வளவு அழகான பெட்டியை எனக்கா தர்ற?" என்று டாக்னி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"வீட்ல சும்மாதான் கிடக்கு, வெச்சுக்கோ. ஆனா அடிக்கடி திறக்காதே, காத்து ஆகாது" என்றேன். திறந்தால் முன்பே கண்டுபிடித்துவிடுவாளே.

கோடையில் ஒருநாள் துறைமுகத்து மீன் கடையில் பார்த்தேன். "நீ சொன்ன மாதிரி பெட்டியைத் தொடவே இல்ல" என்றாள் பெருமையாக. அன்று வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் வந்தது. டாக்னி எல்லோர் முன்னாலும்தான் பெட்டியைத் திறந்தாள். கருகிய முகத்தைப் பார்க்கத் தயாராக நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நாணயம் கறுக்கவில்லை. விளிம்பில் பொன் மஞ்சள், அதற்கு உள்ளே செம்பு நிறம், பிறகு ஊதா, அரசரின் கன்னத்தில் பளிச்சென்று நீலம். கறுப்பதற்கு முன்னால் வெள்ளி இப்படியெல்லாம் நிறம் மாறும் என்று கேள்விப்பட்டதுண்டு. மூன்று வருடம் திறக்காத நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரே வருடத்தில் அவள் பார்த்துவிட்டாள்.

இருபது பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். அவள் தட்டில் சர்க்கரை குவிந்து மேசையில் சரிந்தது. என் தட்டில் ஒரே ஒரு கட்டி. தலைவர் எஸ்பென்தான் பாவம் பார்த்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் விழாமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எஸ்பென் எழுந்து தொண்டையைச் செருமினார். "டாக்னி வீடு கடலோரம். அந்தக் காத்து பண்ண வேலை இது. இல்லன்னா அவங்க கை ராசின்னு சொல்லணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கை ராசியாம்! என்னால் பொறுக்க முடியவில்லை.

"காத்தாவது, கை ராசியாவது! எல்லாம் என் பெட்டியில இருக்கிற கம்பளி! அது வெள்ளியை என்ன பண்ணும்னு எனக்கில்ல தெரியும்! இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கரியா போயிருக்கும், என்னோடது அப்படித்தான் போச்சு!"

நான் சொன்னது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கைதட்டல் நின்றிருந்தது.

"தெரிஞ்சேவா குடுத்த, கெர்டா?" என்றார் எஸ்பென்.

நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்னி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். பருத்திக் கைக்குட்டை. பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாள். பிறகு கையை நீட்டி, என் தட்டிலிருந்த அந்த ஒரே சர்க்கரைக் கட்டியை எடுத்தாள்.

"இது நான் போட்டது" என்றாள்.

அதைத் தன் காபியில் போட்டு, கரையும்வரை கலக்கினாள்.