அந்தம்மா இன்னும் வரவில்லை

எங்கள் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, தொண்ணூறை நெருங்கும்வரை உயிரோடு இருந்தார். ஆனால் கடைசிச் சில வருடங்கள் எங்களோடு இருந்தார் என்று சொல்ல முடியாது. உடம்பு எங்கள் வீட்டில் இருந்தது. அவர் இருந்தது ஆஸ்பத்திரியில்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் அந்த ஆஸ்பத்திரி அவரை விடவில்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, இருக்கிற நாலு முடியை வழித்து வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுவார். நான் விரித்த படுக்கை விரிப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மூலையை இழுத்து மடித்துச் செருகுவார். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"நல்லா இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுக்குப் போனா பொண்டாட்டி வேலை வாங்குவா சிஸ்டர். இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கேனே" என்பார் அவர்.

நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அத்தை வெளியே போனதும் அவர் முகம் மட்டும் சட்டென்று மாறிவிடும். பெற்ற அம்மாவை சிஸ்டர் என்று கூப்பிடுவது லேசான காரியமா?

மாமா அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டு இளம் வயதிலேயே இறந்துவிட்டார். கையில் ஒரு பையன், ஒரு பெண். அத்தை ராத்திரி டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் கண்ணுக்கு மேல் துணியைப் போட்டுக்கொண்டு தூங்குவார். "நாங்க கண்ணாமூச்சிகூட சத்தமில்லாமதான் ஆடுவோம் அண்ணி" என்று என் நாத்தனார் சொல்லியிருக்கிறாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஊசியம்மா. அவர் தலை தெரிந்தால் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடும் கூட்டம்.

குடும்பத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தை 'சரி' என்றால் சரி. 'பார்க்கலாம்' என்றால் அது நடக்காது என்று அர்த்தம். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கை கழுவினியா?" கொஞ்ச நாள் அவரைக் கண்டாலே எனக்கு நடுக்கம்தான்.

அந்த நடுக்கம் போனது ஆஸ்பத்திரியில். என் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தைதான் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "குழந்தை இறந்துடுச்சும்மா. பெண் குழந்தை. பாக்கிறியா?" என்றார். பார்த்தேன். பார்த்ததால்தான் அப்புறம் எழுந்து நடமாட முடிந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்துப் பிறந்த மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள்.

என் வீட்டுக்காரருக்கு லாரிப் பட்டறை. இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்பாத மனிதர், ஒரு நாள் மத்தியானமே வந்து நின்றார்.

"நெஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு. வாயுவாத்தான் இருக்கும். கொஞ்சம் வெந்நீர் குடு."

வெந்நீரோடு நான் வந்தபோது அவர் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதவள், திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. தாங்க மாட்டாங்க."

"பக்கத்து ரூம்ல இருக்காங்க. எப்படி மறைக்கிறது?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அத்தை வந்தார். கட்டிலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எப்போ?"

"இப்பதான் அத்தை."

"சரி, கூட்டம் போடாதீங்க. ஜன்னலைத் திறங்க."

கழுத்தில் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு பஞ்சும் வெந்நீரும் பழந்துணியும் கேட்டார். அவர் கேட்டால் கொடுத்துத்தான் பழக்கம் எங்களுக்கு. கொண்டுவந்து கொடுத்தேன். காலையில் தன் ரவிக்கைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறிய கைகள் அவை. இமைகளை மூடி ஈரப் பஞ்சை வைத்தன. தாடை தொங்காமல் துணியால் கட்டின. முகத்தையும் காது மடலின் பின்பக்கத்தையும் துடைத்தன. கையைத் தூக்கிப் பார்த்தவர் நகங்களில் நின்றார்.

"மெக்கானிக்கா?"

"ஆமா" என்றேன்.

"வீட்டு ஆளுங்க வந்து கையைத்தான் பிடிப்பாங்க. சுத்தமா இருக்கணும்."

குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு நகமாக கிரீஸை எடுத்தார். "இருங்க தம்பி, இந்தக் கையையும் குடுங்க" என்று பிணத்தோடு பேசிக்கொண்டே எடுத்தார். விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கறுப்பு போய்விட்டால் அது வேறு யார் கையோ ஆகிவிடும் போலிருந்தது எனக்கு. ஆனாலும் அடுத்த குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கொடுத்தேன்.

வேலை முடிந்து கை கழுவிவிட்டு வந்தார்.

"இவருக்கு யாரெல்லாம் இருக்காங்க?"

"மனைவி. தங்கச்சி. ஒரு மகள்."

"அம்மா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? அம்மா இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காங்க" என்றேன். "வயசானவங்க."

"பாவம். ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க. வேற யாரும் வாயைத் திறக்காதீங்க. நான் சொல்லிக்கிறேன்."

நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவர் முன்னால் குனிந்து அழுதார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்வையாளர் நேரம் முடிஞ்சுடுச்சு" என்றார். என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டு போகும்போதுகூட நாற்காலியை விட்டு எழவில்லை. வழியை மறைக்காமல் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான சோதனை. பொழுது விடிந்தால் ஒரே கேள்வி. "அந்தம்மா வந்துட்டாங்களா?" தட்டை வைத்தால் இரண்டு வாயோடு தள்ளிவிடுவார்.

"ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

"அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாதே. எங்கயோ உக்காந்து சிரிச்சுப் பேசிட்டு இருப்பாங்க. அதை நினைச்சா எனக்கு இறங்கல."

பொறுக்க முடியாமல் ஒரு நாள் நான் உடைத்துச் சொல்லிவிட்டேன். "அத்தை, அது உங்க மகன். உங்க மூத்த பிள்ளை." என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்லக் கலங்கி, பிறகு ஒரேயடியாக உடைந்தது. மகனின் சிறுவயதுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்தப் பெயரை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. தலையணையைக் கடித்தார். பிடித்து வைக்க நாங்கள் இரண்டு பேரும் போதவில்லை. அழுதழுது தூங்கிப்போனார். எழுந்தபோது கண் வீங்கியிருந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும், "அந்தம்மா வந்துட்டாங்களா?" என்றார்.

நாத்தனார் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இனிமே சொல்லாதீங்க அண்ணி. தினம் தினம் அண்ணன் சாகணுமா?"

அத்தை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஒரு காலையில் நான் வெளியே போகிற உடையை உடுத்திக்கொண்டு, கையில் ஒரு பையோடு பின்வாசல் வழியாகப் போய், சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றேன்.

"சிஸ்டர், வரச் சொன்னீங்களாமே?"

அத்தை எழுந்து நின்றார். "அந்தத் தம்பியோட அம்மாவா?"

"ஆமா."

"வயசே தெரியலையே உங்களுக்கு" என்றார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. நான் குடிக்கும்வரை காத்திருந்தார். எதிரே கட்டில் விளிம்பில் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க பையன் இறந்துட்டார்மா. நெஞ்சுவலி. ரொம்ப நேரம் கஷ்டப்படல. தனியாவும் இல்ல, பக்கத்துல ஆள் இருந்தாங்க."

பக்கத்தில் யாரும் இல்லை. நான் அடுப்படியில் இருந்தேன். அதை அவரிடம் யார் சொல்வது?

என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களைக் கவனிக்கவும் அத்தையைக் கவனிக்கவுமே பொழுது போய்விட்டது. அன்றைக்கு வந்தது. அத்தை என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினார். அழாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு பையன் இருக்கான்மா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "லாரிப் பட்டறை வச்சிருக்கான். இருட்டினதும் வரலைன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால உங்க கஷ்டம் எனக்குப் புரியுது."

"நல்லா இருக்கட்டும் சிஸ்டர்" என்றேன்.

அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் கேள்வி இல்லை. நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் ரவுண்ட்ஸும் அத்தோடு நின்றுபோனது. கடைசி டியூட்டியை முடித்துவிட்ட மாதிரி கட்டிலோடு படுத்துவிட்டார். இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தார். என்னை மருமகளாக அவர் மறுபடி அடையாளம் காணவே இல்லை. நான் குளிப்பாட்டினாலும் ஊட்டினாலும் அவருக்கு நான் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தம்மாதான்.

மற்றவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மகள் போனில் சாப்பாட்டையும் மாத்திரையையும் பற்றிக் கேட்பாள். அத்தை மட்டும் தினமும் என் கையைத் தடவிக்கொண்டு, "இப்ப பரவாயில்லையா?" என்பார். நானும் பரவாயில்லை என்று சொல்லிவைப்பேன். ஒரு நாள் எதற்கென்று தெரியவில்லை, உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையாட்டினார். "தெரியும். நீங்க தினமும் சும்மா சொல்றீங்க" என்றார்.

அந்த வாரமே, நாத்தனார் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, வாயில் இருந்ததை விழுங்காமலே அத்தை இறந்துபோனார். அவரோடு வேலை பார்த்த இரண்டு கிழ நர்ஸுகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள். எத்தனை உயிரைக் காப்பாற்றின கை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். கிளம்பும்போது ஒருவர் என்னிடம், "கடைசியில ஆளையெல்லாம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"என்னைத் தெரிஞ்சுது" என்றேன்.