வெள்ளைக் கையுறைக்காரர்கள்

ரேமண்டைப் புதைக்கும்போது அந்த மூன்று பேர் வந்தார்கள். கறுப்புக் கோட்டு, கைகளில் வெள்ளை உறை. சித்திரை வெயிலில் புன்னக்காயலில் சட்டை போடுகிறவர்களே கொஞ்சம். ஊர் மொத்தமும் குழியை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தது.

எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அந்த மூவர் மண் அள்ளவில்லை. ஆளுக்கொரு வேலங்கொப்பைக் குழிக்குள் போட்டார்கள். முள்ளோடு. யாரிடமும் பேசாமல் வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள்.

ரேமண்டின் மனைவி பாக்கியம் காருக்குள்தான் பார்த்தாள். பின்சீட்டில் ஒருத்தி இருப்பாள் என்று நினைத்தாள். யாரும் இல்லை.

பாளையங்கோட்டையில் புருஷனுக்கு ஒருத்தி உண்டு என்பது அவளுக்குப் பத்துப் பதினோரு வருஷமாகத் தெரியும். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. ரேமண்ட் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் மேனேஜர். மாதம் ஒரு சனிக்கிழமை தட்டையான கறுப்புப் பெட்டியோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுவார். மறுநாள் விடிந்துதான் வருவார். கேட்டால், "ஒரு சோலி" என்பார். அது மட்டுமென்றால் அவள் விட்டிருப்பாள். வந்த கையோடு குளித்துவிட்டுப் பூசைக்கு வருவார். கோயிலில் கடைசி பெஞ்சு. சாமியார் கையால் அப்பம் வாங்க, ஊர்ப் பேச்சில் நன்மை வாங்க, எல்லாரும் எழுந்து போவார்கள். அவர் எந்த ஞாயிறும் எழுந்திருக்க மாட்டார்.

சாவான பாவத்தில் இருக்கிறவன் நன்மை வாங்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரேமண்ட் கொலை செய்கிற ஆள் இல்லை, களவெடுக்கிற ஆள் இல்லை. மீதி இருக்கிற பாவம் ஒன்றுதான்.

அவள் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார். பொய் சொல்ல வராத மனுஷன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெட்டியின் பூட்டை உடைத்தாள். இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளை ஆட்டுத்தோல், நீலக் கரை வைத்துத் தைத்தது. ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. மோந்து பார்த்தாள். பூ வாசமில்லை, பவுடர் வாசமில்லை. பாச்சை உருண்டை வாசம்.

மூன்றாம் நாள் செலஸ்தினாள் வந்தாள். பாக்கியத்தின் மகள் அஞ்சலினைக் கட்டப்போகிற ரெக்சனின் அம்மா. சாவு விழுந்தாலும் கல்யாணத்தைத் தள்ளவேண்டாம், முப்பதாம் நாள் கழிந்து நடத்திவிடலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.

"மைனி, குழியில முள்ளு எதுக்குப் போடுவாவ?" உட்காருமுன்னே கேட்டாள்.

"தெரியலையே மைனி."

"எனக்குத் தெரியும். செத்தவன் எந்திரிச்சு வந்துரப்படாதுன்னு போடுவாவ. தூக்குல தொங்குனவன் குழிமேல போட்டத நான் சின்னதுல பாத்திருக்கேன்."

"அவுகளுக்கு நெஞ்சுவலி. டாக்டரே சொன்னாரு."

"பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வந்த மறுநா நெஞ்சுவலி." செலஸ்தினாள் குரலை இறக்கினாள். "ரெக்சன் பாளையங்கோட்டையில படிச்சவன்லா? கையுறையப் பாத்ததும் சொல்லிட்டான். அங்கன ஒரு கட்டடம் இருக்காம். சன்னலே கிடையாதாம். தலைவெட்டிக் கோயில்னு பேராம். குருச மிதிச்சுத்தான் உள்ள போவணுமாம். வெளிய வாயத் தொறந்தா கழுத்த அறுத்துருவாவளாம்."

"அவன் உள்ள போய்ப் பாத்தானா?"

"பாத்தவன் எப்படி மைனி திரும்பி வருவான்?"

செலஸ்தினாள் அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

"ஆம்பளன்னா அங்கன இங்கன போவான். எங்க வீட்டுக்காரரு போவாத போக்கா? நான் குடும்பம் நடத்தலையா? அதெல்லாம் பொறுத்துக்கிடலாம். பேயோட சம்பந்தம் பண்ண முடியாது மைனி. வார ஞாயிறு முத ஓலை. அதுக்குள்ள அப்படி ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா தடை சொல்ல நான் சாமியார்ட்டப் போயிருவேன்."

அடுக்களையில் அஞ்சலின் குடத்தை இறக்கி வைத்தாள். யாரும் குடத்தை அவ்வளவு பைய வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பாக்கியம் பெட்டியைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆத்தூரில் பாளையங்கோட்டைக்குக் கட்டபொம்மன் பஸ் ஏறினாள். ஸ்ரீவைகுண்டம் வரை வாழைத்தோட்டம். ஒன்றும் கண்ணில் படவில்லை. அங்கே பேய் இருந்தால் மகள் கல்யாணம் போச்சு. பேய் இல்லையென்றால் அந்த ஒருத்தி இருப்பாள். எப்படி இருப்பாள்?

கட்டடத்துக்குச் சன்னல் இருந்தது. உயரத்தில், சாத்தி. கேட்டும் பூட்டியிருந்தது. எதிர்த்த டீக்கடையில் விசாரித்தாள். கடைக்காரர் ஷேக் மைதீன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தலைவெட்டிக் கோயிலா? இருவது வருசமா எதிர்த்தாப்புல கடை போட்டிருக்கேன்க்கா. ஆடு உள்ள போவும். நடந்து போவும். வெளிய வந்து நான் பாத்ததில்ல."

"பிரியாணி போடுவாவளா இருக்கும்" என்றாள் பாக்கியம்.

"பிரியாணிதான். வாசம் இங்கன வரைக்கும் வரும். ஆனா தலை எங்கக்கா? தலைய இதுவரை ஒருத்தனும் பாக்கலையே."

"தலைக்கறி ஒமக்குத் தரலன்னு வயித்தெரிச்சல் வே" என்றான் பெஞ்சில் இருந்த ஒருவன். கடையே சிரித்தது.

பாக்கியம் சிரிக்கவில்லை. "பொம்பளைய வருவாவளா?"

"பொம்பள நெழலுகூட உள்ள விழாது. எங்களுக்கு அதான் சந்தேகமே" என்றார் ஷேக் மைதீன். "அந்தா, வக்கீலய்யா வாராரு. கேட்டுப் பாருங்க."

கேட்டைத் திறந்தவர் கையுறை போட்ட மூவரில் ஒருவர். இன்றைக்கு வேட்டி, நெற்றியில் விபூதி. ரிட்டையரான வக்கீல், அனந்தநாராயணன் என்று பேர் சொன்னார். அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்ததும் புரிந்துகொண்டார்.

"ரேமண்ட் ஆத்திலேருந்தா? உள்ள வாங்கோம்மா."

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. சுற்றிலும் நாற்காலிகள். நடு மேஜையில் பைபிள், பக்கத்தில் கீதை, குரான். பாக்கியம் தரையில் குருசைத் தேடினாள். இல்லை. கறை தேடினாள். இல்லை. ஒரு மூலையில் மட்டும் கனத்த திரை தொங்கியது.

"அதுக்குப் பொறத்தால என்ன?"

"அது சொல்றதுக்கில்லைம்மா." சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அவ எங்க இருக்கா?"

"யாரு?"

"அவுக ராத்தங்குத வீட்டுக்காரி."

கிழவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிவந்து ஒரு மரப்பெஞ்சைக் காட்டினார்.

"கூட்டம் முடிஞ்சா உங்க ஊருக்கு பஸ் கிடையாது. பெட்டியைப் பக்கத்துல வச்சுண்டு இதுலதான் படுப்பார். எங்காத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டார். காலம்பற பூசைக்குப் போகணும், முதல் பஸ்ஸுக்கு எழுப்பி விடுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிண்டிருப்பார்."

கறுத்து மெலிந்த பழைய பெஞ்சு. தலை வைக்கும் முனையில் எண்ணெய் இறங்கியிருந்தது. வீட்டில் தலையணை உறையில் அவள் துவைத்துத் துவைத்துப் போகாத அதே கறை.

"என்கிட்ட ஏன் சொல்லல? சொன்னா கழுத்த அறுத்துருவீகளோ?"

"இது எல்லா மதத்து ஆம்பளைகளும் கூடற ஒரு ரகசிய சபைம்மா. உள்ள நடக்கறதைத்தான் சொல்லக் கூடாது. சேர்ந்திருக்கேன்னு சொல்லத் தடையே இல்லை. உங்க திருச்சபைதான் இதுல சேரக்கூடாதுங்கறது. தெரிஞ்சுதான் சேர்ந்தார். அப்புறம் ஏங்காணும் வரேர்னு கேட்டேன். விட மனசில்லேன்னார். இங்க வந்துண்டு அங்க நன்மை வாங்கினா அது பொய், அதனால வாங்காம உக்காந்திருக்கேன்னார்."

ஒவ்வொரு ஞாயிறும் நன்மை வாங்கித் திரும்பும்போது கடைசி பெஞ்சைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறாள். அத்தனை ஞாயிறும் பாக்கியத்துக்கு இப்போது ஞாபகம் வந்தன.

"முள்ளு எதுக்குப் போட்டீக?"

"பட்டுப்போகாத மரம்னு எங்க வழக்கம். ஆத்மா அழியாதுன்னு அடையாளம்."

"முள்ள ஒடிச்சிட்டுப் போட்டிருக்கலாம்."

அவர் யோசித்தார். "தோணலைம்மா."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டாள். அந்த ஒருத்தி இல்லை. பேயும் இல்லைதான். ஆனால் திரை இருந்தது. திரைக்குப் பின்னால் என்ன என்று செலஸ்தினாள் கேட்பாள். சபை உண்டு, ரேமண்ட் அதில் இருந்தார். தடை சொல்ல அது போதும். உண்மையைச் சொல்லி அவர் பேரைக் காப்பாற்றினால் மகள் கல்யாணம் நின்றுபோகும்.

சனிக்கிழமை சாயங்காலம் செலஸ்தினாள் வந்தாள்.

"போயிட்டு வந்தீகளாமே மைனி."

"போனேன்."

"அங்கன என்ன?"

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல. பொம்பள."

செலஸ்தினாள் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது.

"அப்ப அந்தக் கையுறை?"

"அவ கூடப்பொறந்தவனுவ. பேண்டு செட்டுல வாசிக்கானுவ. போட்டிருந்த கோட்டோட வந்துட்டானுவ."

"முள்ளு?"

"அக்காள அந்தரத்துல விட்டுட்டுச் செத்துட்டாருன்னு ஆத்திரம்."

"அவ எப்படி இருக்கா?"

பாக்கியம் பெஞ்சை நினைத்துக்கொண்டாள். "கறுப்பா, ஒல்லியா. வயசானவ."

"சண்டாளப் பாவி" என்றாள் செலஸ்தினாள், நிம்மதியாக. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

விளக்கு வைக்குமுன் ஊருக்கே தெரிந்துவிட்டது. அஞ்சலின் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா படத்துக்கு அவள்தான் தினமும் மெழுகுதிரி ஏற்றுவாள். அன்றைக்கு ஏற்றவில்லை. பாக்கியம் போய் ஏற்றினாள். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். காலஞ்சென்ற ரேமண்ட் மகள் அஞ்சலினுக்கும் என்று சாமியார் படித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

நன்மைக்கு வரிசை எழுந்தது. பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். செத்தவர்மேல் பொய் சொன்னவள். பாவசங்கீர்த்தனம் பண்ணினால் தீரும். பண்ணினால், கெடுத்த பேரைத் திருப்பிக் கொடு என்பார் சாமியார். இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது.

செலஸ்தினாள் போகிற போக்கில் முழங்காலை இடித்தாள். "மைனி, எந்திரிங்க."

பாக்கியம் தலையை ஆட்டினாள்.

செலஸ்தினாள் போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கைகூப்பியபடி திரும்பி வந்தாள். கண் பாக்கியத்தின் மேலேயே இருந்தது. புருஷன் செத்து ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன பாவம் என்று அந்தக் கண் கேட்டது.